தில்லி வேலைக்கு இடையே ஒரு நாள் ஆக்ரா: கதிமான் எக்ஸ்பிரஸ் பற்றி ஒரு மதிப்பீடு

அலுவலக வேலையாகத் தில்லி செல்பவர்களுக்குக் கூட்டங்கள் எல்லாம் முடிந்தபின் கையில் ஒரு நாள் மிஞ்சுவது அரிதல்ல. வெள்ளிக்கிழமை மாலை வேலை முடியும். ஊர் திரும்ப ஞாயிற்றுக்கிழமைதான் விமானம் இருக்கும். அந்த ஒரு நாளைத் தில்லிக்குள்ளேயே செங்கோட்டை, குதுப் மினார் என்று நெரிசலில் கழிப்பதா, ஆக்ராவுக்கு ஒரு நடை போய்வருவதா என்று கேட்டால் ஆக்ரா என்றே சொல்வேன். தாஜ்மகால் அதற்கு முதற்காரணம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கதிமான் எக்ஸ்பிரஸ் இரண்டாவது காரணம். இந்த ரயிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் வேகத்தையே பாராட்டுகிறார்கள். மறுநாள் ஊர் திரும்ப வேண்டிய அலுவல் பயணிக்கு வேகத்தைவிட அதன் கால அட்டவணைதான் பெரிய உதவி என்பது என் கருத்து.

முதலில் ரயிலைப் பற்றிய அடிப்படைச் செய்திகளைப் பார்த்துவிடலாம். 2016 ஏப்ரல் 5 அன்று ஹஸ்ரத் நிஜாமுதீனுக்கும் ஆக்ரா கண்டோன்மென்டுக்கும் இடையே இது ஓடத் தொடங்கியது. 188 கிலோமீட்டர் தொலைவை 100 நிமிடங்களில், மணிக்கு அதிகபட்சம் 160 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும் ரயிலாக அறிமுகமானது. அப்போது நாட்டில் வேறு எந்தப் பயணிகள் ரயிலும் அந்த வேகத்தில் ஓடவில்லை. தொடங்கியபோது ஆக்ராவே கடைசி நிலையமாக இருந்தது. 2018இல் முதலில் குவாலியர் வரையும், பிறகு ஜான்சி வரையும் நீட்டினார்கள். ஆக்ரா பயணிக்கு இந்த நீட்டிப்பில் ஒரு சிறு சிக்கல் உண்டு. முன்பு மாலையில் ரயில் ஆக்ராவிலிருந்தே புறப்பட்டதால் முன்கூட்டியே போய் ஏறி உட்கார்ந்துவிடலாம். இப்போது ஜான்சியிலிருந்து வரும் வண்டி ஆக்ராவில் சில நிமிடங்கள் மட்டுமே நிற்கிறது. நம் பெட்டி எங்கே வந்து நிற்கும் என்பதை நடைமேடைப் பலகையில் முன்னதாகவே பார்த்து, அந்த இடத்தில் தயாராக நிற்பது நல்லது.

நிஜாமுதீனில் காலை 8.10க்குப் புறப்பட்டு 9.50க்கு ஆக்ரா, மாலை 5.50க்கு ஆக்ராவில் ஏறி 7.30க்கு மீண்டும் நிஜாமுதீன் என்பதுதான் இந்த ரயிலின் வழக்கமான நேரம். முதல் நாள் இரவு வாடிக்கையாளருடன் விருந்து முடித்துத் தாமதமாகப் படுத்தவர்கூட ஆறரை மணிக்கு எழுந்து இதைப் பிடித்துவிட முடியும். இதற்கு மாற்றாகச் சொல்லப்படும் போபால் சதாப்தி, புது தில்லி நிலையத்திலிருந்து காலை ஆறு மணிக்கே புறப்படுகிறது. திரும்பும்போது அது ஆக்ராவைக் கடக்க இரவு ஒன்பது மணிக்கு மேலாகிவிடும். தாஜ்மகாலைக் காலை வெயில் ஏறும் முன்பே பார்க்க விரும்புகிறவர்களுக்கு அது ஏற்றது என்பதை மறுக்கவில்லை. ஆனால் மாலை ஐந்தரைக்கெல்லாம் நினைவுச்சின்னங்கள் மூடிவிடும் குளிர்காலத்தில், மீதி நேரத்தை ஆக்ராவின் கடைத்தெருவிலும் நடைமேடையிலுமே கழிக்க வேண்டியிருக்கும்.

காரில் போகலாமே என்பார்கள். கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ரா வரை 165 கிலோமீட்டர் நீளமுள்ள யமுனா விரைவுச்சாலை 2012இல் திறக்கப்பட்டது. சாலை நன்றாகவே இருக்கிறது. ஆனால் தெற்கு தில்லியிலோ குருகிராமிலோ தங்கியிருப்பவர் முதலில் அந்தச் சாலையைப் போய்ச் சேர வேண்டும், பிறகு ஆக்ரா நகரத்துக்குள் ஊர்ந்து செல்ல வேண்டும். போக வர ஏழெட்டு மணி நேரம் காரிலேயே கழிந்துவிடும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலைப் பனிமூட்டத்தில் அந்தச் சாலையில் செல்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். குடும்பமாக நான்கு பேர் செல்வதானால் கார் செலவு கட்டுப்படியாகும். தனியாக வந்திருக்கும் அலுவல் பயணிக்கு ரயிலே சரி.

வெள்ளிக்கிழமைகளில் கதிமான் ஓடாது, தாஜ்மகாலும் திறந்திருக்காது. ரயிலின் விடுமுறையே தாஜ்மகாலின் விடுமுறையை ஒட்டி வைக்கப்பட்டதுதான். வியாழனன்று வேலை முடிகிறவர்கள் மறுநாள் போய்வரலாம் என்று திட்டமிட்டுவிட்டு, முன்பதிவு செய்யும்போதுதான் இதை அறிகிறார்கள். கூட்டத் தேதி நம் கையில் இருக்குமானால், அதைத் திங்கள் முதல் புதன் வரை வைத்துக்கொண்டு வியாழக்கிழமை ஆக்ரா செல்வதே மிகச் சிறந்த ஏற்பாடு. சனி, ஞாயிறுகளில் தாஜ்மகாலில் கூட்டம் அலைமோதும். ரயிலிலும் இருக்கை விரைவில் தீர்ந்துவிடும்.

நிலையத்தைப் பற்றியும் ஒரு சொல். புது தில்லி நிலையமும் ஹஸ்ரத் நிஜாமுதீனும் வேறு வேறு. இரண்டுக்கும் இடையே காலை நெரிசலில் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாடகைக் கார் ஓட்டுநரிடம் நிலையத்தின் பெயரைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மெட்ரோவில் வருபவர்களுக்குப் பிங்க் வழித்தடத்தில் சராய் காலே கான் பக்கம் நிலையத்தை ஒட்டியே நிறுத்தம் இருக்கிறது. தென் தில்லியிலும் நேரு பிளேஸ் பக்கமும் தங்கியிருப்பவர்களுக்கு நிஜாமுதீன் வசதியான இடம். குருகிராமில் தங்கியிருப்பவர் மட்டும் விடியும் முன்பே கிளம்ப வேண்டியிருக்கும். கதிமானின் நேர வசதி அவருக்கு அவ்வளவாகக் கிடைக்காது.

பெட்டிகளில் ஏசி சேர் கார், எக்ஸிக்யூட்டிவ் சேர் கார் என இரண்டு வகுப்புகள் உண்டு. முன்னதில் ஒரு வரிசைக்கு ஐந்து இருக்கைகள், பின்னதில் நான்கு. எக்ஸிக்யூட்டிவ் கட்டணம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. நூறு நிமிடப் பயணத்துக்கு அந்தக் கூடுதல் தொகை தேவையற்றது என்றே நினைக்கிறேன். தோளுக்குச் சற்று இடம் கிடைப்பதைத் தவிர அதில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. அந்தப் பணத்தை ஆக்ராவில் உரிமம் பெற்ற ஒரு நல்ல வழிகாட்டிக்குக் கொடுக்கலாம். கட்டணத்தில் உணவும் சேர்ந்தே வரும். வேண்டாம் என்று முன்பதிவின்போதே தெரிவித்தால் அந்தத் தொகையைக் கழித்துவிடுவார்கள். உணவு வேண்டாம் என்பதே என் ஆலோசனை. பத்து மணிக்கு ஆக்ராவில் இறங்கினால், அந்த ஊரின் காலை உணவான பேடையும் ஜிலேபியும் கடைகளில் இன்னும் தீர்ந்திருக்காது. பருப்பு பூரணம் வைத்துப் பொரித்த பூரி, காரமான உருளைக்கிழங்குக் குழம்பு, தொட்டுக்கொள்ள அல்ல, உடன் கடித்துக்கொள்ளச் சூடான ஜிலேபி. இட்லி தேடி அலைவதைவிட இது எவ்வளவோ மேல்.

அலுவல் பயணிக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கலை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அது மடிக்கணினி. தாஜ்மகாலின் பாதுகாப்புச் சோதனையில் கைப்பேசி, கேமரா, சிறிய கைப்பை, குடிநீர் ஆகியவற்றை அனுமதிப்பார்கள். பெரிய பைகள், தின்பண்டங்கள், புகையிலை, தீப்பெட்டி, கேமராவை நிறுத்தும் முக்காலி ஆகியவற்றுக்கும், கைப்பேசி கேமரா தவிர்த்த பிற மின்னணுக் கருவிகளுக்கும் அனுமதி இல்லை. வாயில்களின் அருகே பொருள்களை வைத்துச் செல்ல க்ளோக் ரூம் உண்டு என்றாலும், அலுவலகத்தின் கோப்புகள் உள்ள கணினியை அங்கே விட்டுவிட்டு நிம்மதியாக உள்ளே நடக்க முடியுமா என்பதை அவரவரே யோசித்துக்கொள்ள வேண்டும். வாடகைக் காரில் பூட்டி வைக்கலாம் என்பதும் அதே அளவு நம்பிக்கையைக் கோருகிறது. கணினியையும் பெட்டியையும் தில்லி ஓட்டலிலேயே விட்டுவிட்டு, வெறுங்கையோடு போய்த் திரும்புவதுதான் சரியான ஏற்பாடு. அறையைக் காலி செய்த பிறகும் பெட்டியை மாலை வரை வரவேற்பறையில் வைத்திருக்கப் பெரும்பாலான ஓட்டல்கள் சம்மதிக்கும். ஆக்ரா வழியாக வேறு ஊர் செல்பவராக இருந்தால், கண்டோன்மென்ட் நிலையத்தின் க்ளோக் ரூமில் பெட்டியைப் போடலாம். ஆனால் அதற்குப் பூட்டு இருக்க வேண்டும். பூட்டில்லாத பையை ரயில்வே க்ளோக் ரூமில் வாங்க மாட்டார்கள்.

இனி ஆக்ராவில் கிடைக்கும் எட்டு மணி நேரம். நிலையத்துக்கு வந்து போகும் நேரத்தைக் கழித்தால் ஆறரை மணி நேரம்தான் கைக்கு மிஞ்சும். இதில் ஃபதேபூர் சிக்ரியையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நிலைய வாசலில் பலரும் ஆசை காட்டுவார்கள். அது ஆக்ராவிலிருந்து நாற்பது கிலோமீட்டர் அளவு தள்ளி இருக்கிறது. அங்கே போனால் எதையும் முழுதாகப் பார்க்க முடியாது. ஆக்ரா கோட்டை, இத்திமாத்-உத்-தௌலா கல்லறை, தாஜ்மகால் ஆகிய மூன்று போதும். நான் சொன்ன இந்த வரிசையிலேயே பார்ப்பதும் முக்கியம்.

ரயிலிலிருந்து இறங்குகிற பெரும்பாலோர் நேரே தாஜ்மகாலுக்கே ஓடுகிறார்கள். பத்தரை மணிக்கு அங்கே தில்லியிலிருந்து வந்த பேருந்துக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். அந்த வேளையில் கோட்டைக்குப் போனால் ஓரளவு அமைதியாகப் பார்க்கலாம். அக்பர் 1565இல் தொடங்கிச் செங்கல் கோட்டையின் இடத்தில் சிவப்பு மணற்கல்லால் எழுப்பிய கோட்டை இது. சுற்றுமதில் மட்டும் இரண்டரை கிலோமீட்டர் நீளம். இதன் பெரும்பகுதி இன்றும் ராணுவத்திடம் இருப்பதால், அமர் சிங் வாயில் வழியாக நுழைந்து பார்க்கக் கிடைப்பது ஒரு பகுதிதான். அதற்கே ஒன்றரை மணி நேரம் வேண்டும். அக்பர் காலத்து ஜஹாங்கீரி மகாலின் சிவப்புக் கல்லிலிருந்து ஷாஜகான் கட்டிய காஸ் மகாலின் வெண்பளிங்குக்குச் சில அடிகளில் வந்துவிடுகிறோம். தாத்தாவின் ரசனையும் பேரனின் ரசனையும் எப்படி வேறுபட்டன என்று புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான இடம் வேறில்லை. 1658இல் ஔரங்கசீப் தன் தந்தையைச் சிறைவைத்ததும் இக்கோட்டைக்குள்தான். 1666இல் இறக்கும்வரை ஷாஜகான் இங்கேயே இருந்தார். முசம்மன் புர்ஜ் என்ற எண்கோணக் கோபுரத்தின் பக்கம் நின்றால் யமுனையின் வளைவுக்கு அப்பால் தாஜ்மகால் தெரியும். தாஜ்மகாலை முதன்முதலாக அங்கிருந்து, தொலைவிலிருந்து பார்ப்பது நல்லது. வாயிலில் நுழைந்ததும் சட்டென்று எதிரே நிற்கும் காட்சியை அது சிறிதும் கெடுப்பதில்லை.

அடுத்து ஆற்றைக் கடந்து இத்திமாத்-உத்-தௌலா. ஆட்டோக்காரர்கள் இதைக் குட்டித் தாஜ் என்று சொல்லியே கூட்டிப்போவார்கள். அந்தப் பெயரைக் கேட்டே பலர் நகல் என்று எண்ணி ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் இதுதான் மூத்தது. ஜஹாங்கீரின் மனைவி நூர்ஜகான், இத்திமாத்-உத்-தௌலா என்ற பட்டம் பெற்ற தன் தந்தை மிர்ஸா கியாஸ் பேக்குக்காக 1622க்கும் 1628க்கும் இடையே கட்டினார். மும்தாஜோ 1631இல் புர்ஹான்பூரில் பதினான்காவது பிரசவத்தில் இறந்தார். இங்கே அடங்கியிருக்கும் கியாஸ் பேக் மும்தாஜின் தாத்தாவும்கூட. பளிங்கைக் குடைந்து வண்ணக் கற்களைப் பதிக்கும் வேலைப்பாடு, வெண்பளிங்கு உடல், மூலைக்கொரு கோபுரம் என்று தாஜ்மகாலில் பெரிதாக விரிந்தவற்றை இங்கே கைக்கெட்டும் அளவில் பார்க்கலாம். மதுக்குடுவை, பூச்சாடி, சைப்ரஸ் மரம் என்று சுவரெங்கும் பதித்த வேலையைக் கூட்டமின்றி, யாரும் நெருக்காமல், அருகே நின்று பார்க்க முடிகிறது. ஆக்ராவில் எனக்கு மிகவும் பிடித்த கட்டடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். தாஜ்மகால் ரசிகர்கள் பொறுத்தருள்க. இதற்கு முக்கால் மணி நேரம் போதும்.

மதிய உணவை விரைவாக முடித்துக்கொண்டு இரண்டு மணிக்குத் தாஜ்மகாலின் வாயிலில் இருக்க வேண்டும். நுழைவுச்சீட்டை இந்தியத் தொல்லியல் துறையின் இணையதளத்திலேயே முன்கூட்டி வாங்கிவிடலாம். இந்தியர்களுக்கு 50 ரூபாய். கல்லறை மண்டபத்துக்குள் செல்ல மேலும் 200 ரூபாய். உள்ளே கூட்டத்தைக் குறைக்க 2018 டிசம்பரில் கொண்டுவந்த கூடுதல் கட்டணம் அது. வெளியிலிருந்து பார்த்தால் போதும் என்று சிலர் அதைத் தவிர்க்கிறார்கள். மிச்சப்படுத்த வேண்டிய 200 ரூபாய் இதுவல்ல. ஒரே பளிங்குத் துணியில் நெய்ததுபோல் நிற்கும் எண்கோணச் சல்லடைத் தடுப்பும், அதன் சட்டங்களில் பதித்த பூவேலையும் உள்ளே இருக்கின்றன. அங்கே படம் எடுக்க அனுமதியில்லாததால் கண்ணால் பார்ப்பதே வழி. நடுவில் இருப்பது மும்தாஜின் நினைவுக்கல். ஷாஜகானின் கல் பிறகு மேற்கே சேர்க்கப்பட்டதால், முழு வளாகத்திலும் சமச்சீர் குலைவது அந்த ஓரிடத்தில்தான். உண்மையான கல்லறைகள் கீழ்த்தளத்தில் இருக்கின்றன. ஒரு சீட்டுக்கு மூன்று மணி நேரம் என்பது விதி. இரண்டு மணிக்கு நுழைந்து நாலே முக்காலுக்கு வெளியேறும் பயணிக்கு அது எந்த இடைஞ்சலும் தராது.

கிழக்கு வாயில், மேற்கு வாயில் இரண்டில் எதன் வழியாகவும் நுழையலாம். புகை விடும் வண்டிகள் 500 மீட்டருக்குள் வர முடியாது; கிழக்கு வாயில் பக்கம் ஷில்ப்கிராமில் இறங்கி மின்வண்டியில் செல்ல வேண்டும். கோட்டைக்கும் தாஜ்மகாலுக்கும் இடையே 2024 மார்ச் முதல் மெட்ரோவும் ஓடுகிறது. மாலை நெரிசலில் ஆட்டோவைவிட அது மேல். திரும்பி ரயில் நிலையம் செல்ல மட்டும் ஐந்து மணிக்குள் வண்டி ஏறிவிட வேண்டும்.

இங்குதான் கதிமானின் பெரிய குறை தெரிகிறது. குளிர்காலத்தில் ஆக்ராவில் ஐந்தரை மணியளவில் சூரியன் மறையும். அதற்கு அரை மணி நேரம் முன்பே தாஜ்மகாலை மூடிவிடுவார்கள். ஆகவே 5.50 ரயிலால் நாம் இழப்பது ஒன்றுமில்லை. கோடையிலோ ஏழு மணிக்கு மேல்தான் சூரியன் மறைகிறது. பளிங்கு மஞ்சளாகி மெல்ல நிறம் மாறும் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில் நாம் தில்லியை நெருங்கிக்கொண்டிருப்போம். கோடையில் நண்பகல் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஏப்ரல் முதல் ஜூன் வரை இந்த ரயிலை நம்பி ஆக்ரா செல்வது பாதிப் பயன்தான். அக்டோபர் நடுப்பகுதி முதல் நவம்பர் இறுதி வரையும், பிப்ரவரியிலும் மார்ச்சிலும் செல்பவர்களுக்கே இது முழுதாகப் பொருந்தும். டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டத்தால் வட இந்திய ரயில்கள் எல்லாமே தாமதமாகக் கூடும். அன்றிரவே விமானம் ஏற வேண்டியவர்கள் அந்த மாதங்களில் இந்தத் துணிச்சலைத் தவிர்ப்பது நல்லது.

வழிகாட்டிகளைப் பொறுத்தவரை, சுற்றுலாத் துறையின் அடையாள அட்டை வைத்திருப்பவரையே அமர்த்த வேண்டும். சிற்பிகளின் கைகளை வெட்டிய கதையும், ஆற்றின் அக்கரையில் கறுப்புத் தாஜ் கட்டவிருந்த கதையும் சொல்லத் தொடங்கினால் புன்னகைத்துவிட்டு நகரலாம். முதற்கதைக்கு ஆதாரமே கிடையாது. அக்கரையில் மெஹ்தாப் பாகில் அகழ்ந்து பார்த்தபோது கிடைத்தவை ஒரு பழைய தோட்டத்தின் எச்சங்கள்தான். வாடகை வண்டி ஓட்டுநர்கள் பளிங்குக் கடைக்குக் கூட்டிச் செல்வது அங்கே வழக்கம், விற்பனையில் அவர்களுக்குப் பங்கு உண்டு. நிலையத்திலுள்ள முன்கட்டணச் சாவடியில் வண்டி எடுத்து, கடைக்கு நிறுத்த வேண்டாம் என்று ஏறும்போதே சொல்லிவிட்டால் ஒரு மணி நேரம் மிஞ்சும். அலுவலக நண்பர்களுக்கு ஏதாவது வாங்க வேண்டுமென்றால் நீர்ப்பூசணியில் செய்யும் பேட்டா போதும். பாகில் ஊறியதை விட்டுவிட்டு உலர்ந்த வகையை வாங்கினால் பெட்டிக்குள் ஒழுகாது.

வெளிநாட்டுச் சகாக்களை உடன் அழைத்துச் செல்பவர்கள் கட்டண வேறுபாட்டை முன்பே சொல்லிவிடுவது மரியாதை. அவர்களுக்குத் தாஜ்மகால் நுழைவு 1100 ரூபாய், மண்டபத்துக்கு அதே 200 கூடுதல். இலங்கையிலிருந்து வருபவர்களுக்கு சார்க் நாட்டவர் என்ற வகையில் 540 ரூபாய்தான்; ஆனால் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும், ஓட்டலில் விட்டுவிட்டு வந்தால் அந்தச் சலுகை கிடைக்காது. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு முழு வெளிநாட்டுக் கட்டணமே.

விமானம் வேண்டாம், ரயிலிலேயே சென்னை திரும்பலாம் என்று இருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. இரவில் தில்லியிலிருந்து கிளம்பும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஆக்ரா கண்டோன்மென்டில் நின்று செல்கிறது. காலையில் கதிமானில் ஆக்ராவுக்கு வந்து, பெட்டியைப் பூட்டி நிலையத்தின் க்ளோக் ரூமில் வைத்துவிட்டு, இரவு அங்கேயே சென்னை வண்டி ஏறிக்கொண்டால் மாலை ரயிலுக்காகத் தாஜ்மகாலிலிருந்து அவசரமாக ஓட வேண்டியதில்லை. கோடையிலும் தாஜ்மகாலை மூடும் நேரம் வரை நிதானமாக இருக்கலாம். முன்பதிவின்போது ஏறும் இடத்தை ஆக்ரா என்று குறிப்பிட மட்டும் மறக்கக் கூடாது.